கடன் வாங்கிய சொல்லும் சொந்தக் குரலும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் வண்டி திருவள்ளூரைக் கடந்த பின் நின்று செல்லும் சிறு நிலையங்களுள் ஒன்று மணவூர். அடுத்த நிலையம் காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காடு. இன்னும் சற்றுத் தொலைவில் திருத்தணி மலை. 1960ஆம் ஆண்டுவரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எனவே எங்கள் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும். வீட்டில் தெலுங்கு பேசுவோரும் உலகச் செய்தியைத் தமிழில் கேட்பர்.

அக்காலத்தில் நிலையத்தருகே இருந்த தேநீர்க் கடையில் காலை 7.15 மணிக்கு ஓர் அமைதி விழும். கண்ணாடிக் குவளைகளின் ஓசைகூட அடங்கிவிடும். தில்லி வானொலியின் தமிழ்ச் செய்தி அப்போதுதான் வரும். "ஆகாஷ்வாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்னும் குரல் எழுந்ததும், இருப்புப்பாதை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் (கேங்மேன் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர்) துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடிமேல் வைத்துக்கொள்வார். பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டதைப் போன்ற மரியாதை அது. அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சரோஜ் நாராயணசுவாமி மும்பையில் பிறந்து வளர்ந்தவர். தில்லி வானொலியில் 35 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். அங்குத் தமிழில் செய்தி வாசித்த முதல் பெண்மணி என்று போற்றப்படுபவர். 2009இல் தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றார். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 87ஆம் வயதில் மும்பையில் காலமானார். தமிழகத்துக்கு வெளியே வளர்ந்த ஒருவரிடமிருந்து தமிழகத்துச் சிற்றூர்கள் ழகரத்தைத் திருத்தமாகக் கற்றுக்கொண்டன என்பதை எண்ணும்போது வியப்பு உண்டாகிறது. அவருக்கு முன்பு, 1947 ஆகஸ்டு 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தில்லியிலிருந்து தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். பின்னாளில் அவரைத் திரையில் கண்டு சிரித்தவர்களுள் பலர் இதனை அறியார். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபின் குரலோடு முகமும் வந்தது. ஷோபனா ரவியின் நிதானமும், பின்னாளில் தனியார் தொலைக்காட்சியில் நிர்மலா பெரியசாமி நீட்டிச் சொன்ன வணக்கமும் வீட்டு உறவினரின் பழக்கங்களைப் போல நமக்கு நெருக்கமாயின.

இவர்களுள் பெரும்பாலோர் தாம் வாசித்ததைத் தாமே திரட்டியவர் அல்லர். செய்தியைத் திரட்டியவர் ஒருவர், தேர்ந்தவர் வேறொருவர், தாளில் எழுதித் தந்தவர் மற்றொருவர். வாசிப்பவருடையது குரல் மட்டுமே. அப்படியானால் அந்தத் தாளில் பொய் இருந்தால், அல்லது இருக்க வேண்டிய உண்மை இல்லாதிருந்தால், அதற்கு வாசித்தவர் பொறுப்பாவாரா? நெடுநாளாக என்னை உறுத்திவரும் வினா இது.

பொறுப்பில்லை என்பதே எளிய விடை. ஊரில் தண்டோரா போடுபவரை வரி உயர்ந்ததற்காக எவரும் கோபிப்பதில்லை. தூதனைத் தண்டித்தல் முறையன்று என வீடணன் இராவணனிடம் வாதாடிய கதை நாமறிந்ததே. பொய்யென்று அறியாமல் பொய்யைச் சொன்னவன் பொய்யன் அல்லன், உள்ளத்தில் ஒன்றை வைத்து நாவில் வேறொன்றைச் சொல்பவனே பொய்யன் என்பது புனித அகுஸ்தினாரின் கருத்து. அவரே தம் மறையுரை ஒன்றில் குரலையும் வாக்கையும் பிரித்துக் காட்டுகிறார். திருமுழுக்கு யோவான் குரல்; கிறிஸ்து வாக்கு. குரல் ஒலித்து மறையும். வாக்கோ கேட்டவர் உள்ளத்தில் தங்கிவிடும்.

எனினும் தண்டோராக்காரருக்கும் செய்தி வாசிப்பவருக்கும் வேறுபாடு உண்டு. தண்டோராக்காரர் சொன்னார் என்பதற்காக எவரும் ஒரு செய்தியை நம்புவதில்லை. அரசாணை என்பதால் நம்புகிறோம். ஆனால் 7.15 மணிக் குரல் சொன்னது என்பதற்காகவே நம்பியவர்கள் எங்கள் கடையில் இருந்தார்கள். "அந்த அம்மா சொன்னாங்க" என்பதே அவர்களுக்குச் சான்று. சொல் கடன் வாங்கியது என்றாலும், அதன்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை அந்தக் குரலுக்கு உரியது. தனக்கென்று வந்த நம்பிக்கைக்கு ஓரளவேனும் கணக்குக் கொடுக்க வேண்டியவர் அதனைப் பெற்றவரே அன்றோ?

இது ஏட்டளவிலான வினா அன்று. 1975 சூன் மாதம் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதைப் பிரதமரே வானொலியில் நாட்டுக்குச் சொன்னார். அதன்பின் 1977 மார்ச்சு வரை அரசுக்கு உவப்பானதே செய்தியாயிற்று. தணிக்கையை எதிர்த்த செய்தித்தாள்கள் ஒன்றைச் செய்ய முடிந்தது. தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டன. வெற்றுத் தாளும் ஒரு செய்தியைச் சொல்லிற்று. வானொலியில் வாசிப்பவர் என்ன செய்வார்? அவர் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தால், மின்சாரம் போய்விட்டது என்று எண்ணிக் கடைக்காரர் பெட்டியைத் தட்டுவார். வானொலியில் மௌனத்துக்குப் பொருள் கிடையாது. அந்நாள்களில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்த ஊழியர்களை நான் குறைகூறத் துணியேன். குடும்பத்தையும் வேலையையும் துறந்து எழுந்து போவது, திண்ணையிலிருந்து சொல்வதற்கு எளிய அறிவுரை. அரசின் பிடியிலிருந்து வானொலியையும் தொலைக்காட்சியையும் விடுவிக்கும் நோக்கத்துடன் பிரசார் பாரதி சட்டம் 1990இல் இயற்றப்பட்டு 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் எவ்வளவு நிறைவேறிற்று என்பதைக் கேட்பவர் காதே அறியும்.

1984 அக்டோபர் 31 மற்றொரு வகைச் சோதனை. அன்று காலை 9 மணிக்குப் பின் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்ததை அயல்நாட்டு வானொலியான பி.பி.சி. பகலிலேயே சொல்லிவிட்டது. நம் வானொலி மாலையில்தான் சொன்னது. கலவரம் மூளக்கூடும், புதிய பிரதமர் பொறுப்பேற்கட்டும் என்று காரணங்கள் கூறப்பட்டன. காரணங்கள் பொய்யல்ல. ஆனால் தாமதம் கலவரத்தைத் தடுக்கவில்லை. அரசுக் கணக்கின்படியே தில்லியில் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டனர். அன்று பகல் முழுவதும் தன் வானொலியைவிட அயலான் வானொலியை நம்பவேண்டிய நிலையில் ஒரு நாடு இருந்தது. செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, நீதியும் அன்பும் காக்கப்பட்டு முழுமையாகவும் இருக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையில் கூறுகிறது. உண்மை என்பதோடு முழுமை என்பதையும் சேர்த்தார்களே, அதில்தான் எவ்வளவு பொருள்!

கடலுக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 6 கோடிக்கும் மேற்பட்டோர் இலத்தீன் அமெரிக்க வழியினர். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டுமொழி இஸ்பானியம். எங்கள் எல்லைப்புறத்து மக்களைப் போலவே அலுவலுக்கு ஒரு மொழியும் அடுப்படிக்கு ஒரு மொழியுமாக வாழ்பவர்கள். அவர்களுக்கு இரவுச் செய்தியைச் சொன்னவர் ஹோர்ஹே ராமோஸ். மெக்சிகோ நகரில் 1958இல் பிறந்தவர். அங்குத் தொலைக்காட்சியில் பணியாற்றியபோது தம் செய்தித் தொகுப்பில் மேலிடம் கைவைத்ததைப் பொறாமல் வேலையைத் துறந்து, தம் பழைய காரை விற்ற பணத்தோடு 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் சேர்ந்தார். 1986 முதல் 2024 டிசம்பர் வரை யூனிவிஷன் தொலைக்காட்சியின் செய்தியாளராக அமர்ந்திருந்தார். 2015இல் அயோவா மாநிலத்தில், வேட்பாளராயிருந்த டொனால்ட் டிரம்ப்பிடம் குடியேறிகளைப் பற்றி விடாமல் வினவியதற்காகக் காவலர் அவரை அவையிலிருந்து வெளியே தள்ளினர். பின்னரே மீண்டும் உள்ளே விட்டனர். 2019இல் வெனிசுவேலாவின் அதிபர் மதுரோவிடம், குப்பை வண்டியில் உணவு தேடும் இளைஞரின் படக்காட்சியைக் காட்டினார். அதிபர் எழுந்து போனார். செய்தியாளர் குழுவின் கருவிகள் பறிக்கப்பட்டன. அவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடைக்கப்பட்டு மறுநாள் நாடு கடத்தப்பட்டனர்.

இங்கே குரலும் சொல்லும் ஒருவருடையவையே. ஆனால் அவரைக் குறைகூறுவோரும் உண்டு. செய்தியாளர் வழக்கறிஞராகிவிட்டார் என்பர். அதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. தன் மக்களுக்காகப் பேசுகிறேன் என்பவன், தன் மக்கள் கேட்க விரும்பாததையும் அவர்களுக்குச் சொல்வானா? தன்னை மறைத்துக்கொண்ட தில்லிக் குரலா, தன்னை முன்நிறுத்திய அந்தக் குரலா எது மேல் எனக் கேட்டால், என் மனம் முதற்குரலையே நாடுகிறது. ஆயினும் அந்த அடக்கத்தை அரசு எளிதாக விலைபேசிவிடும் என்பதால் அம்முடிவில் எனக்கு முழு நிம்மதி இல்லை.

அதே தொலைக்காட்சியில் ராமோசுடன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செய்தி வாசித்தவர் மரியா எலெனா சலினாஸ். நாள்தோறும் நாட்டாருக்கு உண்மையைச் சொல்லிவந்த அவர், தம் தந்தை முன்பு கத்தோலிக்கக் குருவாக இருந்தவர் என்பதைத் தந்தை இறந்தபிறகே அறிந்தார். 2006இல் அதனை நூலாகவே எழுதி வெளியிட்டார். அந்தத் தந்தையின் மௌனத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்பினால் மறைப்பவர் உலகில் பலர். நானும் அவ்வாறு ஒருமுறை மறைத்தேன்.

அதைச் சொல்லுமுன் சாமுவேல் இரண்டாம் நூலின் 18ஆம் அதிகாரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். அப்சலோம் போரில் இறந்துபட்டான். அச்செய்தியைத் தாவீதிடம் கொண்டுசெல்ல அகிமாசு துடிக்கிறான். இன்று இதை நீ கொண்டுபோக வேண்டாமென்று யோவாபு தடுக்கிறான். வேறொருவனான கூசியன் அனுப்பப்படுகிறான். அகிமாசோ வேறு வழியாக ஓடி முந்திக்கொள்கிறான். வெற்றியைச் சொல்கிறான். மகன் நலமா என்று தந்தை கேட்டதும், பெருங்குழப்பத்தைக் கண்டேன், இன்னதென்று அறியேன் என்று ஒதுங்கிவிடுகிறான். பின்னால் வந்த கூசியனே சொல்லவேண்டியதைச் சொல்கிறான். தாவீதுக்கு இனியவன் அகிமாசு. அன்று அரசருக்குப் பயன்பட்டவனோ அந்த அயலான். வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வழி விடுகிறார். அகுஸ்தினார் அந்த வழியை முற்றாக அடைத்துவிட்டவர். இளவயதில் எனக்கு வள்ளுவரே வசதியாக இருந்தார். குற்றமற்ற என்னும் அடையை நான் விரைவாகப் படித்துக் கடந்துவிட்டேன்.

1987 அக்டோபர். அமைதிப்படை என்ற பெயரில் சென்ற நம் படை யாழ்ப்பாணத்தில் போரில் இறங்கிய மாதம். நான் அப்போது இளம் ஆசிரியன். முன்னே சொன்ன பெரியவரின் இளைய மகன் அப்படையில் இருந்தான். பெரியவருக்கு எழுத்து தெரியாது; மாலைதோறும் நான்தான் நாளிதழை வாசித்துக் காட்டுவேன். அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல், கடைக்கு வரவில்லை. இதழோடு வீட்டுக்குச் சென்றேன். இறந்த வீரர்களைப் பற்றிய செய்தி முதற்பக்கத்திலேயே இருந்தது. வாசலில் நின்ற அவர் மூத்த மருமகள் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். நான் மழைச் செய்தியையும் சர்க்கரை விலையையும் வாசித்தேன். "யாழ்ப்பாணத்துல?" என்றார். "ஒன்றுமில்லை ஐயா" என்றேன். ஆறு நாள் இவ்வாறே சென்றது.

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. காலையில் கடைக்கு வந்து வழக்கம்போல் துண்டை மடியில் வைத்துக்கொண்டார். தில்லிக் குரல் எதையும் மறைக்கவில்லை. அவர் இறுதிவரை கேட்டார். பின் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை.

"இது பேப்பர்லயும் வந்துதா வாத்தியார் தம்பி?"

"வந்தது ஐயா."

"எத்தினி நாளா?"

நான் பேசவில்லை.

"ஆறு நாளா எம்புள்ள நல்லா இருக்கான்னு சாமிக்கு நன்றி சொல்லிக்கினு படுத்திருந்தேன். காப்பாத்துன்னு கேட்டிருக்க வேண்டிய நாளுப்பா அது."

மகன் உயிரோடு திரும்பினான். படை முழுவதும் திரும்பிய 1990 மார்ச்சுக்குப் பின் ஒரு ஞாயிறன்று பெரியவர் தெருவெல்லாம் இனிப்பு வழங்கினார். எனக்கும் இரண்டாகக் கொடுத்தார். என்னோடு பேசுவதை அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை. ஆனால் நாளிதழை மட்டும் அந்த அக்டோபருக்குப் பின் என்னிடம் நீட்டவில்லை. என் வகுப்புச் சிறுவன் ஒருவன், எழுத்துக்கூட்டியே படிக்கத் தெரிந்தவன், நிலையத்துச் சிமெண்டுப் பலகையில் அவர் அருகே அமர்ந்து தலைப்பு முதல் விளம்பரம் வரை ஒரு சொல் விடாமல், தடுக்கித் தடுக்கி வாசிப்பான். அடுத்த பலகையில் அமர்ந்து நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.