பலவான் யார்?

அகில உலகங்களையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



எதிராளியை மல்லாத்தித் தள்ளுகிறவன் பலவான் அல்லன். கோபம் பொங்கும் வேளையில் தன்னை அடக்கிக்கொள்பவனே பலவான் என்பது நம் பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ள ஹதீஸின் கருத்து இது. இதனை நாம் பலமுறை பள்ளிவாசலில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி, பாக்கிக்காரன் வந்து நின்றதும் மறந்தும் இருக்கிறோம். ஆகவே இம்மாதம் இந்த ஹதீஸை ஒரு மனிதருடைய வாழ்க்கையோடு வைத்துப் பார்ப்போம். அவர் தள்ளுவதையும் அடிப்பதையுமே ஜீவனோபாயமாகக் கொண்டவர். உலகமே பலவான் என்று கொண்டாடியவர். அவர்தாம் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி.

தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங், திரிங்காப் கடந்து நம் கோலா தெர்லா வரும் மலைப்பாதையில், தேயிலைத் தோட்டத்து வாலிபனைக் கேட்டாலும் காய்கறித் தோட்டத்து வாலிபனைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லுவான். அவர் மலேசிய மண்ணுக்கே வந்து சண்டையிட்டவர். 1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் ஜோ பக்னர் என்ற ஆங்கிலேய வீரரைப் பதினைந்து சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் வென்றார். 1957-இல் நாட்டின் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட அதே அரங்கம் அது. 1980-இல் சென்னைக்கும் வந்து காட்சிச் சண்டை நடத்தினார். ஆனால் அவருடைய குத்துகளை மட்டும் பேசிக் கலைந்துவிட்டால் நமக்கு என்ன லாபம்? அவர் வரலாற்றில் வரவும் உண்டு, செலவும் உண்டு. வியாபாரிகளாகிய நாம் இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்ப்பதே நியாயம்.

அவர் 1942 ஜனவரி 17-இல் அமெரிக்காவின் கென்டகி மாநிலத்து லூயிவில் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காசியஸ் கிளே. தந்தை விளம்பரப் பலகை எழுதுகிறவர். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். பன்னிரண்டு வயதில் அவருடைய சைக்கிளை யாரோ திருடிவிட்டார்கள். திருடனை அடித்து நொறுக்குவேன் என்று அழுதுகொண்டு நின்ற பையனிடம் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர், முதலில் அடிக்கக் கற்றுக்கொள் என்று சொல்லிப் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். ஆறே ஆண்டுகளில், 1960-இல், ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம். 1964 பிப்ரவரி 25-இல் சோனி லிஸ்டனை வென்று இருபத்திரண்டு வயதில் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன். உடனே தாம் முஸ்லிம் என்று வெளிப்படையாக அறிவித்தார். முஹம்மது அலி என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார்.

அப்போது அவர் சேர்ந்திருந்த இயக்கத்தின் கொள்கைகள் அஹ்லுஸ் ஸுன்னத்தின் வழிக்கு மாறுபட்டவை. அல்லாஹ்வின் கிருபையால் 1972-இல் ஹஜ்ஜு செய்தார். 1975-இல் அவ்வியக்கத்தின் தலைவர் காலமானபின் நேரான ஸுன்னத் வழியில் சேர்ந்தார். மனிதன் தொடங்கிய இடம் எதுவாயினும், ஹக்கை அறிந்ததும் திரும்பிவிடுவதுதான் பெருமை.

இனி அவர் வரவுப் பக்கத்தின் முதல் வரியைப் பாருங்கள். 1967 ஏப்ரல் 28-இல் ஹூஸ்டன் நகரில் அவரை ராணுவத்தில் சேர அழைத்தார்கள். வியட்நாம் யுத்தத்துக்குப் போக மார்க்கமும் மனச்சாட்சியும் இடந்தரவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். பட்டம் பறிபோயிற்று. ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீட்டினால் சிறை செல்லவில்லை. ஆயினும் உள்நாட்டில் சண்டையிட அனுமதியில்லை, வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டும் இல்லை. இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை மூன்றரை ஆண்டுகள் தொழில் அடைபட்டுக் கிடந்தது. ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு அந்த வயது நமக்குப் பெருநாள் வியாபாரம் போன்றது, போனால் திரும்பாது. அவர் கல்லூரிதோறும் சென்று சொற்பொழிவாற்றிக் காலந்தள்ளினார். 1971 ஜூன் 28-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் எண்மரும் ஒருமுகமாக அவர் தண்டனையை ரத்துச் செய்தனர். 1974 அக்டோபர் 30-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்தி, இழந்த பட்டத்தை மீண்டும் பெற்றார்.

சகோதரர்களே! அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறவனுக்கு அவன் ஒரு வழியைத் திறப்பான், எண்ணிப் பாராத இடத்திலிருந்து ரிஸ்க் அளிப்பான் என்பது திருமறையின் தலாக் அத்தியாயம் தரும் வாக்குறுதி. இவ்வாக்குறுதியை நாம் நம்புகிறோமா? நம் மலையில் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி சம்பள நாளில் வரும். தோட்டத்து ஜனங்கள் கையில் காசோடு இறங்கி வருவார்கள். சம்சு வைத்திருந்தால் கூட்டம் நம் கடைக்கு. இல்லையேல் அடுத்த கடைக்கு. நம்பர் எழுதிக் கொடுத்தால் கல்லாப்பெட்டி நிறையும். மாட்டேன் என்றால் அரிசி, பருப்பு வாங்குகிறவனும் அங்கேயே வாங்கிப் போய்விடுவான். நாம் குடிக்கவில்லையே, விற்கத்தானே செய்கிறோம் என்று நஃப்ஸு வக்காலத்து வாங்கும். மதுவைப் பிழிகிறவன், சுமக்கிறவன், விற்கிறவன், அதன் கிரயத்தைத் தின்கிறவன் எல்லோரும் சாபத்துக்குரியோர் என்று ஹதீஸில் வந்திருக்க, அந்த வக்காலத்து எங்கே எடுபடும்? தோட்டப்புறத்தில் சம்சு எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பது நாம் கண்ணால் கண்டது. ஒருவர் உலகப் பட்டத்தையே விட்டுக்கொடுத்து மூன்றரை ஆண்டு பொறுத்தார். ஓர் அலமாரிச் சரக்கை விட்டுவிட்டு மூன்று மாதம் பொறுக்க நமக்குச் சக்தியில்லையா? அரங்கத்துக்கு வெளியே அவர் காட்டியது இந்தப் பலம். இது நமக்கும் எட்டும்.

செலவுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அவர் கரத்தைவிட நாவே அதிகம் காயப்படுத்தியது. ஜோ ஃப்ரேசியர் என்ற வீரர், அலிக்குத் தொழில் அடைபட்டிருந்த காலத்தில் அவருக்கு மீண்டும் அனுமதி கிடைக்க ஆதரவாகப் பேசியவர். அவரையே அலி பலர் முன்னிலையில் மனிதக் குரங்கு என்று பழித்தார். கோலாலம்பூருக்குப் பின் மூன்றே மாதத்தில், 1975 அக்டோபர் முதல் தேதி, மணிலாவில் இருவரும் மோதினர். பதினான்கு சுற்றுகள் முடிந்ததும் ஃப்ரேசியரின் பயிற்சியாளர் சண்டையை நிறுத்திவிட்டார். முகத்து வீக்கம் சில வாரத்தில் வடிந்துவிட்டது. அந்தச் சொல் தந்த புண்ணோ ஃப்ரேசியர் நெஞ்சில் பல்லாண்டு ஆறவில்லை. 2001-இல் அலி பத்திரிகை வாயிலாக வருத்தம் தெரிவித்தார். மால்கம் எக்ஸ் என்ற தம் வழிகாட்டியை 1964-இல் புறக்கணித்ததையும் பின்னாளில் தம் நூலில் எண்ணி வருந்தினார். மால்கமோ 1965-லேயே சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

ஒருவரையொருவர் பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தில் நாயன் தடுத்திருக்கிறான். கடைத்தெருவில் இதை நாம் பேணுகிறோமா? 555 நோட்டில் இரண்டு மாதப் பாக்கி எழுதிவைத்த தோட்டக்காரர் மனைவி, குழந்தைப் பாலுக்காகக் கூச்சத்தோடு வந்து நிற்கிறாள். நாலு பேர் முன்னிலையில் அந்த நோட்டைப் பிரித்து வாசித்து அவளைச் சிறுமைப்படுத்தினால் அது பலமா? அடுத்த கடைக்காரர் விலையைக் குறைத்தார் என்பதற்காக அவர் பெற்றோர் வரை இழுத்துப் பேசினால் அது பலமா? கடன் நமக்கு ஹக்குத்தான். கேட்கலாம், தனியே அழைத்துக் கேட்கலாம். கஷ்டப்படுகிறவனுக்குத் தவணை கொடுப்பதும், தள்ளிக் கொடுப்பதும் திருமறை காட்டிய வழி. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இருந்தால் இன்றே போய்க் கேட்டுவிடுங்கள். நாளை அவரும் இருக்க வேண்டும், நாமும் இருக்க வேண்டும்.

இனி அந்தத் தொழிலைப் பற்றி. சண்டையிட்டாலும் முகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது நபிமொழி. குத்துச்சண்டையோ முகத்தையும் தலையையுமே குறிவைப்பது. இதனாலேயே, ராபித்தத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு சபை 1987-இல் மக்காவில் கூடி, இவ்விளையாட்டு ஆகாது என்று தீர்மானித்தது. ஆகவே அலியின் மன உறுதியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அவர் தொழிலைப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம். உடற்பயிற்சி வேறு, ஒருவரையொருவர் மூளை கலங்க அடித்துப் பணம் பண்ணுவது வேறு.

எப்போது நிறுத்துவது என்று அறியாததே அவருக்கு வந்த பெருநஷ்டம். 1977-இல் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ உடல் கெடுகிறது, போதும் என்று எச்சரித்து விலகிக்கொண்டார். அலி விடவில்லை. 1978-இல் பட்டத்தை இழந்து அதே ஆண்டில் மீட்டு, மூன்று முறை ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் மனிதர் ஆனார். அத்தோடு நின்றிருக்கலாம். ஓய்வு பெற்றும் திரும்ப வந்தார். 1980-இல் லாரி ஹோம்ஸிடம் தோல்வி. 1981-இல் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோல்வி. மொத்தம் 61 சண்டைகள், 56 வெற்றிகள், 5 தோல்விகள். 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். வாங்கிய அடிகளுக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்று மருத்துவர் பலர் கருதினர். உலகம் முழுவதும் கேட்ட குரல் தழுதழுத்தது; மின்னல்போல் பாய்ந்த கை நடுங்கியது.

உடல் அமானத்து. நம்மிலும் விடியுமுன் காய்கறி லாரிக்கு எழுந்து, இரவு பத்து மணிக்குக் கதவடைத்து, ஜும்ஆவுக்கும் கடையை விட மனமில்லாமல், இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு கடை என்று ஓடுகிறவர்கள் இல்லையா? பிள்ளை நாற்பது வயதாகியும் கல்லாச் சாவியைக் காணாதிருக்கிறான். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு தகப்பனார் மனத்தில் மட்டும் இருக்கிறது. திடீரென்று மௌத்து வந்தால் அந்தக் கடனைத் தீர்ப்பவர் யார்? எழுதி வையுங்கள். பிள்ளைகளிடம் ஒப்புவியுங்கள். பாங்கு சொன்னால் கதவைச் சாத்துங்கள்.

இன்னுமொரு வரவு உண்டு. 2002-இல் ஹாலிவுட்டின் நடைபாதையில் அவர் பெயரைப் பதிக்க விரும்பினார்கள். அங்கே பிரபலங்களின் பெயரெல்லாம் தரையில்தான். முஹம்மது என்னும் திருநாமத்தை ஜனங்கள் மிதிக்க நான் சம்மதியேன் என்று அவர் சொல்லிவிட, அவர் பெயர் மட்டும் சுவரில் பதிக்கப்பட்டது. நம் கடைப் பைகளில் அதே திருநாமத்தை அச்சிட்டு விற்கிறோம். மழை பெய்தால் அவை சாக்கடையில் மிதக்கின்றன, பாதையில் மிதிபடுகின்றன. பைகளில் வேறு எழுத்தோ சின்னமோ போட்டுக்கொள்ள எவ்வளவு செலவாகும்? பெயரைப் பலகையில் உயர வைப்போம். அந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் தராசும் பெயருக்கேற்ப நேராக நிற்கட்டும். அளவில் குறைப்போருக்குக் கேடுதான் என்ற எச்சரிக்கை, அந்தப் பெயருக்குரிய நபி (ஸல்) அவர்களுக்கு அருளப்பட்ட வேதத்திலேயே இருக்கிறது.

2016 ஜூன் 3-இல் அவர் காலமானார். ஜூன் 9-இல் பிறந்த ஊரிலேயே ஜனாஸா தொழுகை நடந்தது. வென்ற பட்டயங்களும் பெற்ற கோடிகளும் இங்கேயே தங்கின. எந்தச் சாம்பியனும், எந்த முதலாளியும் கபுருக்குள் எடுத்துச் செல்வது அமலைத்தான்.

யா அல்லாஹ்! கோபத்தில் நாவை அடக்கும் பலத்தை எங்களுக்குத் தருவாயாக! ஹராமான லாபத்தை மறுக்கும் துணிவையும், ஹலாலான ரிஸ்கில் பரக்கத்தையும் தருவாயாக! இந்த மலையில் கொழுந்து பறிப்போருக்கும், பயிரிடுவோருக்கும், கடை நடத்துவோருக்கும் நலம் அருள்வாயாக! மறைந்த உன் அடியார் முஹம்மது அலியின் பிழை பொறுத்து அவருக்கு ரஹ்மத் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.