விலகிப் போகட்டும் என்ற வேண்டுதல்

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பரம்பரையாக ஒரு வேண்டுதல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று செய்தி வந்ததும் அது தானாக வாய்க்கு வந்துவிடும்: “சாமி, இது நம்ம பக்கம் வராம விலகிப் போயிடணும்.” புதுச்சேரியில் மணக்குள விநாயகர் முன்னால் நிற்பவரும், சம்பா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுபவரும், பள்ளிவாசலில் துஆ கேட்பவரும் அந்த நாட்களில் கேட்பது இதைத்தான். எங்கள் வீட்டில் அம்மா கேட்டாள், நான் கேட்டேன், என் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

இந்த வேண்டுதலை இனிமேல் எப்படிச் சொல்வது என்பதுதான் என் கேள்வி. கடவுள் செவிசாய்ப்பாரா என்பது வேறு விவாதம். சாய்ப்பார் என்று நம்புகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். திருநீறு இல்லாமல் வாசல் தாண்டாத குடும்பத்தில் பிறந்தவள். இவை இரண்டும் எனக்குள் சண்டை போட்டுக்கொண்டதில்லை. ஆனால் வானிலை வரைபடம் கைப்பேசிக்கு வந்துவிட்ட பிறகு அந்தப் பழைய வேண்டுதலுக்கு ஒரு விலாசம் வந்துவிட்டது. அம்மா கேட்டபோது, புயல் எங்கோ நடுக்கடலில் போய்க் கரைந்துவிடும் என்று நினைத்துக் கேட்டாள். இன்று எனக்கு அந்த நிம்மதி இல்லை. இங்கே வராவிட்டால் எந்த மாவட்டம், எந்த ஊர் என்று படம் காட்டிவிடுகிறது. எனக்கு வேண்டாம், அவர்களுக்குப் போகட்டும் என்று தெரிந்தே கேட்க வேண்டியிருக்கிறது.

ஒருவருக்கு அருளாகத் தெரிவது இன்னொருவருக்கு என்னவாகிறது என்பதற்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1760 கடைசியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரையிலும் கடலிலும் முற்றுகையிட்டிருந்தார்கள். கோட்டைக்குள் பசி. 1761 ஜனவரி 1 அன்று அடித்த புயலில், கடலை அடைத்து நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல்களில் சில மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பட்டினி கிடந்த கோட்டைக்கு அது பிரார்த்தனைக்கு வந்த பதிலாகத்தான் தோன்றியிருக்கும். இரண்டே வாரத்தில் கோட்டை சரணடைந்தது. மூழ்கிய கப்பலில் இருந்த மாலுமியும் அந்த இரவில் அதே கர்த்தரைத்தான் கூப்பிட்டிருப்பான்.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெங்கல் இந்தக் கேள்வியை எங்கள் வாசற்படிக்கே கொண்டுவந்தது. அது புயலாகுமா, ஆகாதா என்பதே 29ஆம் தேதி பிற்பகல் வரை இழுபறியாக இருந்தது. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொன்னது. 30ஆம் தேதி இரவு அப்படியே கடந்தது. கடந்த பிறகு நகரவில்லை. மேலடுக்கில் அதை இழுத்துச் செல்ல வேண்டிய காற்று வலுவிழந்திருந்ததால், மணிக்கணக்கில் எங்கள் தலைக்கு மேலேயே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாழ்வான நகர்களில் சிக்கியவர்களை மீட்க மறுநாள் ராணுவம் வர வேண்டியிருந்தது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர் கூடத்துக்குள் வந்தபோது கரண்ட் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கிவைத்தோம். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு நனையத் தொடங்கியிருந்தது. அங்கே இருந்த அண்ணாமலையார் படத்தை எடுத்து, கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மேல்தட்டில் சாய்த்துவைத்தேன். காப்பாற்று என்று யாரைக் கேட்கிறோமோ அவரை நனையாமல் காப்பதும் நம் வேலைதான், அதுவும் வழிபாடே. அந்த நேரத்தில் திருவண்ணாமலையில் இருக்கும் தங்கை போன் செய்தாள்.

“அக்கா, தண்ணி உள்ள வந்துடுச்சாமே?”

“வந்துடுச்சு. நகரவே மாட்டேங்குது, இங்கயே நிக்குது. சீக்கிரம் போயிடணும்னு வேண்டிக்கம்மா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: “போனா எங்கக்கா போகும்?”

படம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மேற்கே விழுப்புரம், அதைத் தாண்டித் திருவண்ணாமலை, அதற்கும் அப்பால் கிருஷ்ணகிரி.

டிசம்பர் 1ஆம் தேதி அது நகர்ந்தது. கடலின் ஈரத்தைச் சுமந்துவந்த காற்று மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அன்று மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில், மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

பௌர்ணமிதோறும் புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய் நாங்கள் சுற்றிவருகிற மலை அது. அதன் உச்சியில் சிவன் இருக்கிறார் என்று நாங்கள் சொல்வதில்லை. மலையே சிவன் என்கிறோம். பஞ்சபூதத் தலங்களில் அது அக்கினி. அந்த மலை சரிந்து குழந்தைகள்மேல் விழுந்திருக்கிறது. கும்பிடுகிறவள் இதற்கு என்ன சொல்வது?

துக்கம் கேட்கப் போகிறவர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, அவர்கள் விதி அவ்வளவுதான் என்பது. இதை என்னால் ஏற்கவே முடியாது. அந்தக் குழந்தைகளின் முன்வினை என்று சொல்லும்போதே, பிழைத்துக் கிடக்கும் நமக்கு நல்வினை இருந்தது என்றும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம். 2013 ஜூனில் கேதார்நாத்தில் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, ஒரு பெரும்பாறை கோயிலுக்குப் பின்னால் வந்து நின்று வெள்ளத்தைப் பிளந்துவிட்டது. அதற்குப் பீம்சிலா என்று பெயர் வைத்து இன்றும் கும்பிடுகிறார்கள். கோயில் தப்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கல்லுக்குக் காட்டிய கருணையைக் கோயில் வாசலில் நின்ற மனிதருக்குக் காட்டாத கடவுளை நான் கும்பிடவில்லை. அற்புதம் என்று சொல்வதற்கு முன் இறந்தவர்களின் வீட்டார் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது பதில், அவன் கணக்கு நமக்குத் தெரியாது என்பது. இதில் பணிவு இருக்கிறது. ஆனால் தெரியாது என்பதிலும் தரம் உண்டு. தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டு, தெரியாது என்று கைகூப்புவது பக்தியாகாது.

எது நமக்குத் தெரியக்கூடியது, எது முழுதும் பிடிபடாதது என்பதற்குப் புதுச்சேரி ஓர் ஆளைக் கண்டிருக்கிறது. கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1761இல் இங்கே வரக் கப்பலேறினார். கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் வந்துசேர முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்திலேயே காத்திருந்து, இங்கே வானோக்கு நிலையம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை கடப்பு நிகழும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிடப்பட்டிருந்தது, அப்படியே நிகழ்ந்தது. அதற்கு முந்தைய நாட்களில் தெளிவாக இருந்த வானம் அன்று காலை மேகமூட்டமாகி, கடப்பு முடிந்த பிறகு திறந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நகர்கிற கோளைச் சொல்ல முடிந்தது. தலைக்கு மேல் வரப்போகிற மேகத்தை முதல்நாள் இரவு சொல்ல முடியவில்லை.

காற்றும் மேகமும் விதிக்குக் கட்டுப்பட்டவைதான். ஆனால் தொடக்கத்தில் இருக்கிற மிகச் சிறிய வேறுபாடு நாளாக நாளாகப் பெருகி முடிவையே மாற்றிவிடும் என்று 1963இல் எட்வர்ட் லோரன்ஸ் காட்டினார். மலைநாட்டில் இது இன்னும் கடினம். உலகம் முழுவதற்கும் கணக்குப் போடுகிற கணினி மாதிரிகளில் ஒரு கட்டம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் அகலம் இருக்கும். அண்ணாமலையின் கிரிவலப் பாதையே 14 கிலோமீட்டர் சுற்றளவுதான். மலை முழுவதும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். எந்தச் சரிவில் எவ்வளவு நீர் ஊறும் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. தொடக்க வேறுபாடு இப்படி நாளாக நாளாகப் பெருகுவதால்தான் வானிலை வரைபடத்தில் புயலின் பாதையை வெறும் கோடாகப் போடாமல், போகப் போக அகலும் கூம்பாகவும் போடுகிறார்கள். இதற்குள் எங்கேயும் வரலாம், இதற்குமேல் எங்களுக்குத் தெரியாது என்று அந்தக் கூம்பு சொல்கிறது.

அந்தக் கூம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதே மலையின் புராணம் நினைவுக்கு வரும். அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாக இறைவன் நின்றார். அடியைத் தேடிப் போன திருமால் திரும்பி வந்து, காண முடியவில்லை என்றார். முடியைத் தேடிப் போன பிரமன், தாழம்பூவைச் சாட்சி வைத்துக்கொண்டு, கண்டேன் என்றார். தண்டனை காணாததற்குக் கிடைக்கவில்லை. காணாமலே கண்டேன் என்று சொன்னதற்குத்தான் கிடைத்தது. தேடியவரை தேடி, இவ்வளவுதான் எட்டியது என்று கூசாமல் சொன்னவர் போற்றப்பட்டார். ஃபெங்கல் புயலாகாது என்று தோன்றியபோது அதையும், ஆகிவிட்டது என்று தெரிந்தபோது அதையும் சொன்ன வானிலையாளர்களை அன்று பலர் திட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் கூடியது. ஒரு வார்த்தையில் உறுதி சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. திருமாலின் பதிலைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

மலையே சிவன் என்றால் அதன் மண்ணும், பாறையும், நீர் ஊறினால் சரியும் இயல்பும் சேர்ந்துதான் சிவன். அந்த இயல்பை அவர் நமக்காக நிறுத்திவைப்பார் என்று எந்த ஆகமமும் வாக்குக் கொடுக்கவில்லை. சரிவை விட்டால் வேறு இடமில்லை என்ற நிலையில் ஏழைகளை வைத்தது இறைவன் அல்ல, நாம். அந்த டிசம்பர் 13 அன்று கார்த்திகை தீபம். வழக்கமாக அனுமதிச் சீட்டு வாங்கிய பக்தர்கள் மலையேறித் தரிசிப்பார்கள். அந்த ஆண்டு வல்லுநர் குழு மலையை ஆராய்ந்து, மண் இளகியிருக்கிறது, கூட்டம் ஏறக்கூடாது என்றது. கொப்பரையும் நெய்யும் கொண்டுசெல்ல வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். தீபம் எரிந்தது. இறைவனைத் தடுத்துவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் உண்டு. என் கண்ணுக்கு, அந்த ஆண்டு மலைக்கு நடந்த பூஜைகளில் உயர்ந்தது அந்த ஆய்வுதான். மலை சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

நாங்கள் போகச் சொன்ன புயல் எங்களை விட்டும் போய்விடவில்லை. மலைநாட்டில் பெய்தது தென்பெண்ணையில் இறங்கியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறக்கப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைக் கடந்து எங்கள் பாகூர் வயல்களிலும் வீடுகளிலும் புகுந்தது. எச்சரிக்கை எல்லார் வீட்டையும் எட்டியதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. என் மனம் நிற்பது அந்த இடத்தில்தான். புயலின் திசை நம் கையில் இல்லை. ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவரைப் போய்ச் சேருவது நம் கையில் இருக்கிறது.

அது சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மண் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரரிடமிருந்து போன் வந்தது. அவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்திருந்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தது. அதன் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் ஊரை மேட்டுக்கு ஓடச் சொன்னார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, ஊர் பிழைத்தது. அலை எங்கும் விலகிப் போகவில்லை. வந்தது; அப்போது அங்கே ஆள் இல்லை. இறைவன் காப்பாற்றினான் என்று நல்லவாட்டார் சொன்னால் நான் முழுமனதோடு ஒப்புக்கொள்வேன். இங்கே அந்த வார்த்தையால் காயப்படுகிறவர் யாருமில்லை.

ஆகவே சின்னம் உருவாகிவிட்டது என்று கேள்விப்பட்டால் நான் இப்போது கேட்பது இது: பார்க்கிறவர்கள் கண்டதைக் கண்டபடி சொல்லட்டும். சொன்னது கடைசி வீடு வரை போகட்டும். கேட்டவர்களுக்குக் கிளம்ப மனமும், போய்ச் சேர இடமும் இருக்கட்டும். அணை திறப்பதற்கு முன் ஆற்றங்கரை விழித்துக்கொள்ளட்டும். இதில் என் பங்கைச் செய்ய எனக்குத் தெம்பு கொடு. இதே வேண்டுதலை இதே சொற்களில் நாகப்பட்டினத்தில் இருப்பவரும், நெல்லூரில் இருப்பவரும், அண்ணாமலை அடிவாரத்தில் இருப்பவரும் ஒரே இரவில் கேட்கலாம். ஒருவருடையது பலிப்பதற்கு இன்னொருவருடையது பொய்க்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் தகப்பன் என்று நாம் சொல்கிறவரிடம் கேட்கத் தகுந்தது அப்படிப்பட்ட வேண்டுதல்தான்.