ஒரு குரல் இறங்கும்போது



போன வாரம் ராத்திரி நம் பாடகர் குழுப் பிள்ளைகள் பங்கு இல்லத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இன்றைய பெருவிழாவுக்கான தியானப் பாடலை ஆடாசிட்டியில் சரிசெய்துகொண்டிருந்தார்கள். காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள் அது. டோல்கேட்டை நோக்கி விரைந்த பஸ்ஸின் ஹாரனும் பாட்டுக்குள் ஏறியிருந்தது. “அந்த இடத்துல சவுண்டைக் குறைச்சிடலாமே” என்றேன். “குறைச்சா அக்கா குரலும் சேர்ந்துதான் குறையும், ஃபாதர்” என்றான் சின்னவன். திரும்பப் பாடித்தான் பதிந்தார்கள். இன்னொன்றும் சொன்னான்: பதியும்போதே சத்தம் எல்லை தாண்டினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது. கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிற திருவிழாக் கமிட்டியாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்!

ஆனால் என்னை அங்கேயே உட்காரவைத்தது வேறு. பாட்டு முடிந்து வாசகம் தொடங்குகிற இடம். முதலில் பாட்டைச் சட்டென்று வெட்டினான், தூக்கிவாரிப் போட்டது. பிறகு பாட்டை மெல்ல இறக்கி, அது இறங்கும்போதே வாசகக் குரலை ஏற்றினான். ஃபேட் அவுட், ஃபேட் இன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் கிராஸ்ஃபேட். அதிலும் ஒரு சூட்சுமம். இரண்டையும் நேர்கோட்டில் ஏற்றி இறக்கினால் நடுவில் ஒவ்வொன்றும் 6 டெசிபல் இறங்கி, மொத்தச் சத்தமும் தொய்ந்துவிடுகிறது. அதனால் கோட்டை வளைத்து, நடுவில் 3 டெசிபல் மட்டும் இறங்கும்படி செய்கிறார்கள். இறங்குகிறவர் அவசரப்பட்டுக் கைவிடக் கூடாது.

இன்று ஜூன் 24, திருமுழுக்கு யோவானின் பிறப்புப் பெருவிழா. இந்த நாளுக்கான மறையுரையில் புனித அகுஸ்தீனார் யோவானைக் குரல் என்றும் கிறிஸ்துவை வாக்கு என்றும் பிரித்துக் காட்டினார். குரல் கரைந்துவிடும், அது சுமந்து வந்த வாக்கு உள்ளத்தில் தங்கும். யோவான் பிறப்பிலிருந்து பகல் குறைகிறது, கிறிஸ்து பிறப்பிலிருந்து வளர்கிறது என்பதையும் அவர் கவனித்தார். விக்கிரவாண்டி வெயிலில் அந்தக் குறைவு நமக்கு எங்கே தெரிகிறது, அது வேறு விஷயம்.

யோவான் நற்செய்தி 3ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இயேசுவின் பக்கம் திருமுழுக்குத் தொடங்கிவிட்டது. அதே நாள்களில் அயினோனில், தண்ணீர் நிறைந்த இடத்தில், யோவானும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு குரலும் சேர்ந்து ஒலிக்கிற காலம். யோவானின் சீடர்களுக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் அந்தப் பக்கம் போகிறார்களே என்று முறையிடுகிறார்கள். அவருக்கோ கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனுக்கு இருக்கிற சந்தோஷம். அதற்காகக் கரையை விட்டுக் கிளம்பிவிடவும் இல்லை. வந்தவர் யாரையும் திருப்பி அனுப்பவும் இல்லை.

நம்மில் பத்து வருடம் அன்பியப் பொறுப்பில் இருந்தவரை மாற்றினால், மறுவாரமே கூட்டத்துக்கு வருவதில்லை. அது ஃபேட் அவுட் அல்ல, வயரைப் பிடுங்குவது. வேறு சிலரோ இறங்கவே மாட்டோம். மருமகள் வந்து ஏழு வருடமானாலும் உப்பு டப்பா நம் கையில்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

யோவானின் வாழ்வும் மெல்ல இறங்கி முடிந்துவிடவில்லை. ஏரோது வெட்டினான். அதற்கு முன் சிறையிலிருந்து, நாம் காத்திருந்தவர் இவர்தானா என்று கேட்டுவர ஆள் அனுப்பினார். குரல் தணிந்திருந்தது, தடுமாறியும் இருந்தது. அப்போதும் இயேசுவிடம்தான் கேட்டார்.

தம்பி, என் மைக்கைக் குறைத்துவிடு. எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கையை நீங்களே தொடங்குங்கள்.