எதுக்கும் இருக்கட்டும்

மடத்துக்குளம் பக்கத்து வீடுகளில் 'எதுக்கும் இருக்கட்டும்' என்ற சொல் இல்லாமல் எந்தப் பொருளும் தங்குவதில்லை. மோட்டார் ரூமில் பழைய ஃபுட்வால்வு, அட்டாலியில் மூடியில்லாத தூக்குப்போசி, முறுக்கு அவிழ்ந்த சணல் கயிறு, எல்லாம் அந்தச் சொல்லின் தயவில்தான் இருக்கின்றன. அதே சொல்லை மூன்றரை லட்ச ரூபாய் சைக்கிளைப் பற்றிக் கேட்டபோதுதான் கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றியது.

சொன்னவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர். தோட்டம் இங்கே. நாற்பதை நெருங்குகிறவர். "ஏனுங்க, மலை ஏறவும் ஆகோணும், எறங்கவும் ஆகோணும், நம்ம தோட்டத்துத் தடத்துலயும் ஓடோணும். ரண்டு பக்கமும் ஷாக் இருக்கோணும், வெயிட்டும் இருக்கக்கூடாது" என்றார். அத்தனை மலை எங்கே ஏறப்போகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, "எதுக்கும் இருக்கட்டும்ங்க."

அவர் கேட்கும் வண்டி இருக்கிறது. டிரெயில் பைக் என்று பெயர். முன்னும் பின்னும் 120 முதல் 150 மில்லிமீட்டர் வரை அமுங்கி எழும் சஸ்பென்ஷன், 29 அங்குலச் சக்கரம், கார்பன் சட்டமென்றால் 12, 13 கிலோ, அலுமினியமென்றால் 14, 15. மலையேற்றப் பந்தயத்துக்கான இலகு வண்டிக்கும், செங்குத்தாக இறங்குவதற்கான கனத்த வண்டிக்கும் நடுவில் நிற்பது. நடுவில் நிற்பதால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கும். இந்தப் பேரத்தைத்தான் விளம்பரங்கள் 'எல்லாவற்றுக்கும் ஏற்றது' என்கின்றன.

இந்த வகை வண்டிகளின் பூர்வீகம் வேடிக்கையானது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் ரீபேக் என்ற மண்பாதை இறக்கத்தில் சில இளைஞர்கள் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். ஓட்டியதெல்லாம் பழைய, தடித்த டயர் சைக்கிள்கள். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் செய்யப்பட்டவை. ஒரு தடவை இறங்கினால் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூடேறிப் புகைந்துவிடும். பிரித்துத் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். பாதைக்குப் பெயர் வந்ததே அதனால்தான். அடுத்த வருடம் ஜோ பிரீஸ் அந்த இறக்கத்துக்கென்றே சட்டம் செய்தார். முதலில் பாதை, பிறகு வண்டி என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். நண்பர் விஷயத்தில் வண்டி முன்னால் வருகிறது. பாதை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. ஓட்டுகிறவர் 75 கிலோ, வண்டி 15 கிலோ என்றால் மொத்தம் 90. லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து வண்டியில் 2 கிலோ குறைத்தால், குறைவது நூற்றுக்கு இரண்டு சொச்சம். ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் ஒரு நிமிடமும் சில விநாடிகளும் மிச்சம். அந்த ஒரு நிமிடத்தில் பந்தயக்காரருக்குப் பதக்கம் இருக்கிறது. மற்றவர்களுக்கு, ஒற்றைக் கையால் வண்டியைத் தூக்கிக் காட்டும் சந்தோஷம். அது சின்னச் சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். விலையைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி.

'எல்லாத்துக்கும் ஆகும்' என்பதற்கு எங்கள் ஊரில் வேறொரு பொருள் இருந்தது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபின் ஊர் ஊராகப் பரவிய ஹெர்குலிஸ் போன்ற கறுப்பு வண்டிகளில் ஒன்றை அப்புச்சி வைத்திருந்தார். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் கேரியரில் பால் கேன், புண்ணாக்கு மூட்டை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எல்லாம் வந்தன. டிரெயில் பைக்கில் கேரியர் மாட்டவே பெரும்பாலும் இடமிருக்காது. பின்பாதி முழுக்க அசையும் மூட்டுகள். நண்பரின் அப்பா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இதுல கேரியர் எங்கப்பா?" கறுப்பு வண்டி பலவற்றைச் சுமந்ததால் பலவற்றுக்கும் ஆனது. புதிய வண்டி ஒரே ஒரு ஆளைப் பலவிதமான தரையில் சுமக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் சிக்கல்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கம். நாளைக்குத் தேவைப்படலாம் என்று இன்றைக்கே பத்து வசதிகளுக்கு இடம்விட்டு எழுதுவோம். அந்த நாளை வராது, வந்தாலும் வேறு முகத்தோடு வரும். இதற்கிடையில் அந்த வசதிகளைப் பராமரிக்க வேண்டும். சஸ்பென்ஷனும் அப்படித்தான். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை முன்ஃபோர்க்கைத் திறந்து எண்ணெய் மாற்றச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. பின் மூட்டுகளின் பேரிங்குகள் நம் செம்மண் புழுதியைத் தின்னும். டவுனில் டபுள் ஷாக் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் மலிவு வண்டி மிதிக்க மிதிக்கக் குதிக்கும். விலை உயர்ந்ததில் அந்தக் குதிப்பை அடக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பராமரிப்பிலிருந்து விடுதலை கிடையாது.

ஆனாலும் ஆத்தாவின் 'எதுக்கும் இருக்கட்டும்' வேறு ரகம். அவர் ஒரு படி அரிசி கூடப் போட்டு வைத்தது, சொல்லாமல் யாராவது வந்துவிட்டால் என்றுதான். பழைய கயிறு கன்றுக்குட்டிக்கோ பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கோ ஆகும். இன்னார் என்று தெரியாத ஒருவருக்காகவே அந்த மிச்சம் இருந்தது. நண்பரின் மிச்சத்துக்கு ஆள் தெரியும்: அவரேதான். ஆனால் இப்போதைய அவர் அல்ல. அதிகாலையில் எழுந்து, பாறையிலிருந்து குதித்து இறங்கும் இன்னொரு அவர். வராமலே போகக்கூடிய அந்த மனிதருக்காக இலை போட்டு வைப்பது சரியா?

இது பேராசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பவர் டேபிளில் தைக்கிறவரின் ஒரு வருடக் கூலிக்கு மேல் என்றும் சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் அந்த வாதம் நண்பரின் காருக்கும், வீட்டுக் கல்யாணத்துக்கும் சேர்த்துத்தான் பொருந்தும். சைக்கிளை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 1991 வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தேர்ந்தெடுக்க அவர்களுக்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. கிடைத்த வண்டியில் ஏறினார்கள். அந்த வண்டி அவர்களுக்குத் திறந்துவிட்டதும் இன்னும் வராத ஒரு மனுஷியைத்தான். ஆகவே வராதவருக்காக ஏற்பாடு செய்வதே தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் மறுநாளே அந்த மனுஷியாக வெளியே போனார்கள் என்பதுதான் வித்தியாசம்.

எனக்குத் தோன்றும் உண்மையான இடறல் வேறு. நண்பருக்கு வேண்டியது விளையாட்டு. வேகமாக இறங்கும்போது வயிற்றில் வரும் அந்தக் கூச்சம். ஆனால் எங்கள் பக்கத்தில் வளர்ந்த ஆண்பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. 'இதுல என்ன பிரயோசனம்' என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அதனால் பிரயோசனத்தின் பாஷையைக் கடன் வாங்குகிறோம்: எல்லாத்துக்கும் ஆகும், மலைக்கும் ஆகும், உடம்புக்கு நல்லது. விளையாட்டை வேலை மாதிரி வேஷம் கட்டியதும் பொருள் வீங்க ஆரம்பிக்கிறது, ஏனென்றால் வேலைக்கு எல்லாச் சூழ்நிலையையும் சமாளிக்க வேண்டும். விளையாட்டுக்கு ஒரு தடம் போதும். பிடித்த ஒரு தடம்.

அந்தத் தடம் இங்கே எது? ஆனைமலைக் காட்டுக்குள் இஷ்டத்துக்குச் சைக்கிள் விட முடியாது. புலிகள் காப்பகம், அனுமதி வேண்டும், யானை அனுமதி கேட்காது. மிஞ்சுவது அமராவதி வாய்க்கால் கரையும் இட்டேரிகளும். இரண்டு தோட்டங்களின் வேலிகளுக்கு நடுவே, கிளுவையும் பிரண்டையும் கோவைக்கொடியும் மண்டிய அந்த ஒற்றைத் தடம்தான் கொங்குநாட்டின் டிரெயில். வண்டிச்சோடு பள்ளமாகிக் கிடக்கும், மழைக்குப்பின் கல் எட்டிப் பார்க்கும். கம்பிவேலி வர வர, பல இட்டேரிகள் சத்தமில்லாமல் யாரோ ஒருவரின் பத்திரத்துக்குள் போய்விட்டன. மிச்சமிருப்பவற்றில் ஆடு போகிறது, கௌதாரி குறுக்கே ஓடுகிறது, பால் ஊற்றப் போகிறவர்கள் நடக்கிறார்கள். அது இறங்கிப் பாயும் பாதை அல்ல. எதிரே வருகிறவருக்கு ஒதுங்கும் பாதை. சற்றுத் தள்ளிப் பெரிய ரோட்டில், தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்கள் மடத்துக்குளம் தாண்டிச் சுமார் 20 கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிறார்கள். ஒவ்வொரு கல்லும் அவர்களுக்குத் தெரியும். சஸ்பென்ஷனின் வேலையே கல்லைத் தெரியாமல் செய்வது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்த முதுகுக்கு அந்தத் தெரியாமை வரம். ஆனால் இட்டேரியின் வேகத்துக்கு அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தாலே பாதி வரம் கிடைத்துவிடும்.

அதனால் நண்பரிடம் சொன்னது இது. இங்கே மட்டும் ஓட்டுவதென்றால் முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள அலுமினிய வண்டி போதும், 120 மில்லிமீட்டர் தாராளம். வேலிக்காத்தான் முள்ளுக்கு டியூப்லெஸ் டயரும் உள்ளே சீலண்ட் திரவமும் போடுங்கள். கார்பனைவிட இங்கே அதுதான் அவசியம். முதுகு கேட்கிறது என்றால் இரண்டு பக்கமும் ஷாக் உள்ளதையே வாங்குங்கள், அதற்காக மலையைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். அப்பா பிரயோசனம் கேட்டால் விளையாடத்தான் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு பெல். இந்த வண்டிகளில் பெல் வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். இட்டேரி வளைவில் ஆடு வரும்.