கண் சொல்லும் சாட்சி

காட்டின் அழகைக் கெடுப்பது குற்றமாகுமா? மரம் வெட்டுதலைக் கண்டிப்போர் மழையையும் மண்ணையும் முன்னிறுத்துவர். எழிலை ஒரு வாதமாக எடுத்து வைத்தால், அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கென்று புன்னகைத்து ஒதுக்கிவிடுவர். திருமறை அவ்வாறு ஒதுக்கவில்லை. சூரத்துன் நஹ்லில் கால்நடைகள் தரும் கதகதப்பையும் உணவையும் கூறிய இறைவன், அவை காலையில் மேயச் செல்வதிலும் மாலையில் வீடு திரும்புவதிலும் உள்ள ‘ஜமாலை’யும் அதே அருட்கொடைகளின் வரிசையில் வைக்கின்றான். எனவே அழகும் ஓர் அமானிதமே.

ஆனால் அழகு கெட்டதா என்று தீர்ப்புரைப்பது யார்? கண்தான் என்போம். அந்தச் சாட்சியைச் சற்றே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

திருத்தணியில் ரயிலேறி, நகரியையும் புத்தூரையும் கடந்து ரேணிகுண்டா செல்வோர் வழியெங்கும் குன்றுகளைக் காண்பர். அதற்கும் அப்பால் சேஷாசல மலைத்தொடர். செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது பெரும்பாலும் தென்னாந்திர மலைகளில்தான். வறண்ட பாறை நிலத்தில் மெல்ல வளரும் அம்மரம் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். களவாக வெட்டுவோர் முதிர்ந்த மரத்தைத் தேடிச் சாய்த்து, வெளிறிய பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு, செந்நிற வைரத்தை மட்டும் சுமந்து செல்கின்றனர். அடிக்கட்டையோ மீண்டும் துளிர்க்கும் இயல்புடையது. ஒரு மழை பெய்தபின் தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மலை முன்போலவே பசுமையாய்த் தோன்றும்.

நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சவுக்குத் தோப்புகளிலோ நேர்மாறான காட்சி. நான்கைந்து ஆண்டுகளில் தோப்பு முழுதும் ஒருசேர வெட்டப்படுகிறது. வெறுமையைப் பார்த்து மனம் பதறுகிறது. ஆயினும் அது உழவர் நட்ட பயிர். அறுவடையான நெல்வயலைப் போன்றதே. கண் குற்றஞ்சாட்டும் இடத்தில் குற்றமில்லை. கண் விடுதலை செய்யும் இடத்தில் களவு.

கயிற்றை எடுத்துச் சென்று, விறகைக் கட்டி முதுகில் சுமந்து விற்றுப் பிழைப்பது, பிறரிடம் கையேந்துவதினும் மேலென்றனர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்களே மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டலாகாது என்று காப்பிடமும் வகுத்தனர். உழைப்பை உயர்த்திய வாய்தான் எல்லையையும் இட்டது. மலை உச்சியில் கோடரி பிடிப்பவன் இவ்விரண்டுக்குமிடையே நிற்கின்றான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவலரின் துப்பாக்கிக்கு 20 பேர் பலியாயினர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து சென்றோர். மோதலில் இறந்தனர் என்றது காவல்துறை. உறவினர் அதை மறுத்தனர். கூலி பேசி அனுப்பியவர் எவரும் அங்கு வீழ்ந்து கிடக்கவில்லை. வாங்குவோரோ கடலுக்கு அப்பால். 1995 முதல் இம்மரத்தின் பன்னாட்டு வணிகத்திற்குக் கட்டுப்பாடு உண்டு. இருந்தும் சீனத்தில் அலங்கார இருக்கைகளாய் அது மெருகேறுகிறது. அங்கும் ஒருவர் அதைத் தடவிப் பார்த்து, ‘என்ன அழகு!’ என்றுதான் வியக்கின்றார்.

சேஷாசலத்தின் அடிக்கட்டைகளில் இப்போதும் துளிர்கள் கிளம்புகின்றன. அவை வைரம் பாய்ந்த மரங்களாகும்போது, இன்று மதரஸாவில் அலிஃப், பே ஓதும் நம் பிள்ளைகள் நரைத்திருப்பர்.