முதுமையில் அயல்நாட்டு வாழ்வு: எல்லை வரைய வேண்டியவர் யார்?

பணி ஓய்வு பெற்ற பெற்றோர் அயல்நாட்டிலுள்ள தம் மக்களிடம் சென்று தங்கிவிடுதல் அறமா, அன்றித் தம் ஊரிலேயே இருந்து எஞ்சிய காலத்தைக் கழித்தல் அறமா என்னும் வினா இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுகின்றது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் உழுதுண்டு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பொறியியலும் கணினியும் கற்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்று பரவிய பின்னர், ஒரு சில வீடுகளுக்கே உரியதாயிருந்த இவ்வினா பொதுவினாவாகிவிட்டது. இதனைப் பாசத்தின் வினாவாகவும் பணத்தின் வினாவாகவும் மட்டும் கருதாமல், ஒழுக்கத்தின் வினாவாகவும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் ஆசிரியப் பயிற்சி முடித்து, அரசுப் பள்ளிப் பணியேற்றுத் தெற்கே வந்தோம். வத்திராயிருப்பு வட்டாரத்திலேயே ஓய்வு பெற்றுத் தங்கியும்விட்டோம். மேற்கு மலைத் தொடரின் அடியில், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகளின் நீரால் நெல்லும் தென்னையும் விளையும் பகுதி இது. இங்கும், அண்மையிலுள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரங்களிலும் பூட்டிய வீடுகளைக் காண்கிறோம். கேட்டால், "மகனிடம் போய்விட்டார்கள்" என்பர் அண்டை வீட்டார். நமக்கும் அயல்நாட்டில் ஒரு மகள் உண்டு, அழைப்பும் உண்டு. ஆகவே இவ்வினா நமக்கு ஏட்டு வினா அன்று.

இரு பக்கமும் பற்றே

ஊரை விட்டு வாரேன் என்பவர், பிறந்த மண்ணை விடலாகாது என்பர். மக்களிடம் செல்வேன் என்பவர், பெற்ற பாசத்தை விடலாகாது என்பர். உயிர் ஒன்றே தன்னுடையது, மற்றவையெல்லாம் பிற பொருள் என்று கற்ற நாம் இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் வேண்டும். மண்ணின் மீது கொண்ட பற்றும் பற்றே. மக்கள் மீது கொண்ட பற்றும் பற்றே. வீட்டையும் தென்னந்தோப்பையும் பிரிய மனமின்றி இருப்பவர், அதனாலேயே துறவுள்ளம் படைத்தவர் ஆகிவிடமாட்டார். பேரப் பிள்ளைகளின் முகம் காணப் பறந்து செல்பவரும் அதனாலேயே அறம் பிறழ்ந்தவர் ஆகிவிடமாட்டார். ஆதலால், இடத்தை வைத்து அறத்தை அளக்க இயலாது. வேறோர் அளவுகோல் வேண்டும். அது நம் சிராவக ஒழுக்கத்திலேயே இருக்கின்றது.

திசை வரைதல்

அணுவிரதம் ஐந்தினையும் காக்கும் வேலியாகக் குணவிரதம் மூன்று கூறப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது திசைவிரதம். பத்துத் திசைகளிலும், 'இதற்கப்பால் செல்லேன்' என்று வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுத்துக் கொள்ளுதல் அது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு ஆகியவற்றை எல்லைக் குறிகளாகக் கொள்ளலாம் என்பது சமந்தபத்திர ஆச்சாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் காட்டும் நெறி. தேசவிரதம் என்பது, அப்பெரிய எல்லைக்குள்ளும் ஆண்டு, பருவம், திங்கள் எனக் காலவரை குறித்துச் சிறிய எல்லை வகுத்துக் கொள்ளுதல். வகுத்த எல்லையை ஆசையால் விரித்துக் கொள்ளுதலும், எல்லையையே மறந்துவிடுதலும் திசைவிரதத்திற்குக் குற்றங்களாகும்.

இதனை வணிகர்க்கு மட்டும் உரிய கட்டுப்பாடென்று சிலர் கருதுவர். நம் கருத்து அதுவன்று. எல்லைக்கு அப்பாலுள்ள உலகத்தின்பால் நம் ஆசையும் செல்லாது, நம்மால் விளையும் தீங்கும் செல்லாது. இதுவே இவ்விரதத்தின் பயன். இதில் மறைந்துள்ள மற்றோர் உண்மையும் உண்டு. எல்லையை வகுப்பவர் தாமே; பிறர் அல்லர். தம் அறிவு தெளிவாக இருக்கும்பொழுதே, நெருக்கடி வருமுன்னரே, அவர் அதனை வகுக்கிறார். முதுமையில் அயல்நாடு செல்வது பற்றிய வினாவுக்கு இவ்வுண்மையே திறவுகோல் என்பது நம் துணிபு.

பிறர் வரையும் எல்லை

நாம் எல்லை வகுக்காவிடில் என்ன நேரும்? பிறர் வகுப்பர். அமெரிக்கக் குடியுரிமை பெற்று 21 வயது நிரம்பிய மகனோ மகளோ தம் பெற்றோரை எண்ணிக்கை வரம்பின்றி அழைத்துக்கொள்ள அந்நாட்டின் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்பு அனுமதி கிடைத்தபின், முன் அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் ஊரில் தங்கினால் அவ்வனுமதியே கேள்விக்குரியதாகும். 65 வயது கடந்தவர்க்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டை, அங்குப் பணியாற்றாத பெற்றோர் ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பின்னரே விலை கொடுத்துப் பெற இயலும். கனடா 2011இல் தொடங்கிய சூப்பர் விசா, 2022 முதல் ஒருமுறைக்கு ஐந்தாண்டு வரை தங்க இடமளிக்கிறது. எனினும் ஒரு லட்சம் கனடிய டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பிரிட்டன் 2012இல் விதியை இறுக்கியது. அன்றாடத் தேவைகளுக்கே பிறர் துணை வேண்டிய நிலையில் இருப்பதோடு, அத்துணை சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் மெய்ப்பித்தாலன்றி, பெற்றோர்க்கு அங்கு நிலையாகக் குடியேற வழியில்லை. ஆஸ்திரேலியாவில் பெரும் கட்டணம் செலுத்திப் பெறும் பெற்றோர் விசாவுக்கு ஒருவர்க்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும். அக்கட்டணமின்றி வரிசையில் நிற்பவர்க்குக் காத்திருப்பு முப்பதாண்டுக்கும் மேல். எழுபதில் வரிசையில் நின்றவர் நூறில் விசா பெறுவார்!

இவ்வரசுகளைக் குறை கூறுவதற்காக இவற்றை எழுதவில்லை. ஒவ்வொரு நாடும் தன் எல்லையைத் தான் வகுத்துள்ளது. நாமோ நம் எல்லையை வகுக்காமல் அவர்களுடைய வாயிலில் நிற்கிறோம்.

பிறர் வரைந்த எல்லை முதியோரை எப்பாடு படுத்தும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இருவரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் முடிவாயிற்று. அம்மக்களின் பிரதிநிதிகளைக் கேளாமலே இரு அரசுகளும் கையெழுத்திட்டன. தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து மூத்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். 'தாயகம்' என்று சொல்லப்பட்ட இடமே அவர்களுக்கு அயல்நாடாயிற்று. அவர்களுக்குத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. நமக்கு இருக்கின்றது. இருந்தும் அதனைப் பயன்படுத்தாமல் விடுவது நம் பிழையாகும்.

அங்குள்ள நாட்கள்

அயல்நாட்டில் பெற்றோர் துன்புறுகின்றனர் என்று பொதுவாகக் கூறுவது நேர்மையன்று. தூய காற்று, ஒழுங்கான சாலை, மக்கள் காட்டும் அன்பு ஆகியவற்றைப் பலரும் மகிழ்ந்து கூறுகின்றனர். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் நம் போன்ற ஆசிரியர்க்கு வேலையும் மதிப்பும் உண்டு. வழிபாட்டிற்கும் இடமுண்டு, ஆச்சாரிய சுசீல்குமார் 1983இல் நியூஜெர்சியில் நிறுவிய சித்தாசலம் அதற்கு ஒரு சான்று.

ஆயினும் காலை எட்டு மணிக்குப் பின்னர் வீட்டில் இருவர் மட்டுமே இருப்பர். கார் ஓட்டத் தெரியாதவர்க்குக் கடைவீதியும் எட்டாத இடமே. பிரசவம் பார்க்கச் சென்ற தாய், பிள்ளை வளரும்வரை சமையலும் குழந்தைக் காப்பும் செய்து ஆண்டுகளைக் கழிக்கிறார். விரும்பிச் செய்தால் அது தொண்டு. மறுக்க இயலாமையால் செய்தால், அது ஊதியமில்லாத வேலை. இவ்வேறுபாட்டை மக்கள் உணர்தல் வேண்டும். தாய்மாரும் வாய்விட்டுச் சொல்லல் வேண்டும்.

நம் நோன்பு முறைக்கும் ஓர் இடர் உண்டு. பிளவக்கல் பகுதியில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே மாறுகின்றது. லண்டனிலோ டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்னரே இருட்டிவிடும்; ஜூனில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெயில் இருக்கும். இரவுண்ணாமை காப்பவர், மகனும் மருமகளும் வேலையிலிருந்து திரும்புமுன் குளிர்காலம் முழுவதும் தனியே உண்ண நேரும். நோன்பைக் காத்தால் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் இன்பமில்லை. அவ்வின்பத்தைக் காத்தால் நோன்பில்லை. இதனைச் செல்லுமுன்னரே எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

பொருளின் வரம்பு

நம் ஊரில் மாதம் 40,000 ரூபாய் ஓய்வூதியம் பெறுபவர் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் அது 500 டாலருக்கும் குறைவு. இங்குத் தம் பொருளில் பிறர்க்கும் ஈந்தவர், அங்கு ஒரு மருந்துக்கும் மகனை எதிர்பார்க்கும் நிலைக்கு வருகிறார். ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் உயிர்வாழ்சான்று அளித்தல் வேண்டும். இந்தியத் தூதரகத்தின் வாயிலாக அதனை அளிக்கலாம். ஆயினும் ஓய்வூதியர்க்கான மருத்துவக் காப்பீடு இங்குள்ள மருத்துவமனைகளோடு முடிந்துவிடும். அயல்நாட்டில் வசிப்பவராகிவிட்டால், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிய கணக்குத் தொடங்க இயலாது. வேளாண் நிலம் வாங்கவும் இயலாது. அயல்நாட்டுக் குடியுரிமை ஏற்றால் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் உழைத்து ஓய்வு பெற்று இந்தியாவிலோ கனடாவிலோ குடியேறியவரின் அரசு ஓய்வூதியம், குடியேறிய நாளில் இருந்த தொகையிலேயே நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் குடியேறியவர்க்கோ ஆண்டுதோறும் உயர்கிறது. எல்லை தாண்டும் முதியவரின் பணம் எங்கும் அவரோடு முழுமையாகச் செல்வதில்லை.

எனவே, செல்லுமுன் வீட்டையும் நிலத்தையும் விற்று மக்களிடம் கொடுத்துவிடுதல் அன்பாகத் தோன்றினும் அறிவன்று. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்போம் என்னும் நிபந்தனையோடு பெற்ற சொத்தை, அந்நிபந்தனை தவறினால் செல்லாததாக்க வழி தருகிறது. ஆனால் விற்றுச் செலவழிந்த வீட்டை எந்தச் சட்டம் மீட்டுத் தரும்? பொருள் வரைதல் என்பது பொருளைப் பெருக்காமை. திரும்பிவரும் வழியை அடைத்துக்கொள்ளுதல் அன்று.

மக்களின் பக்கம்

பல்பார்வை நெறியைப் போற்றும் நாம், மக்களின் நிலையிலிருந்தும் நோக்குதல் வேண்டும். நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் அவர்கள் நெஞ்சு நடுங்குகிறது. துணையை இழந்து தனித்திருக்கும் தாய், 'நான் எங்கும் வாரேன்' என்று மட்டும் சொல்லி, நோயுற்றால் யார் பார்ப்பது என்பதைச் சொல்லாமல் விட்டால், அது பற்றின்மையன்று. மக்களுக்கு இழைக்கும் துன்பம். இருபது மணி நேரம் பயணம் செய்து வரவேண்டிய மகள் மீது குற்ற உணர்வைச் சுமத்துதலும் ஒருவகை இம்சையே. 'வருவேன்' என்றும் சொல்லாமல் 'வாரேன்' என்றும் சொல்லாமல் ஆண்டுகளை ஓட்டுவது இரு பக்கத்தாரையும் வாட்டும்.

மக்களும் ஒன்றை உணரல் வேண்டும். "எங்களோடு வந்துவிடுங்கள்" என்று சொல்வதோடு கடமை முடிவதில்லை. வந்தபின் பெற்றோர் எவ்வாறு பொழுது போக்குவர், யாரோடு பேசுவர், வேண்டும்பொழுது திரும்ப இயலுமா என்பவற்றிற்கும் விடை சொல்ல வேண்டியவர் அழைப்பவரே. ஊரிலேயே இருக்க விரும்பும் பெற்றோர்க்கு நம்பகமான துணையாளரை அமர்த்திக் கொடுத்தலும், ஆண்டுக்கொருமுறை நேரில் வருதலும் அழைத்துச் செல்வதற்குக் குறைந்த கடமைகள் அல்ல.

நம் முடிவு

செல்லுதலும் அறமாகலாம், இருத்தலும் அறமாகலாம். தாமே எல்லை வகுத்து, அதனை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிச் செய்வதே அறம். எல்லையின்றிச் செல்பவரும் எல்லையின்றி இருப்பவரும், இறுதியில் பிறர் கையில் தம் முடிவை ஒப்படைக்கின்றனர். பிளவக்கல் பெரியாறு அணையின் உயரம் 47 அடிக்குச் சற்றே மேல். அந்த அளவு முன்னரே தெரிந்திருப்பதனால்தான் மதகை எப்பொழுது திறப்பது என்பதை மழைக்கு முன்னரே எண்ண இயலுகிறது. வெள்ளம் வந்தபின் அளவு பார்ப்பவர் எவருமில்லை.

நாம் வகுத்துக்கொண்டதைச் சொல்லுதல் முறையாகும். இன்னும் மூன்றாண்டு, ஆண்டுக்கு மூன்று திங்கள், அங்குப் பகல் நீண்டிருக்கும் வேனிற் பருவத்தில் மட்டும் மகளிடம் செல்வோம். மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் நம் ஓய்வூதியத்திலிருந்தே செலுத்தப்படும். பேரன் நம்மிடம் தமிழ் கற்பான். சமையலறை முழுதும் நம் பொறுப்பன்று. இவற்றை மகளும் ஏற்றுக்கொண்டாள். அதன் பின்னர் நம் திசை எல்லை: கிழக்கே கடல், மேற்கே இம்மலை, தெற்கே குமரி, வடக்கே பாலாறு. நோயுற்றால் மதுரையில் மருத்துவம். தனித்திருக்க இயலாத நாளில் வந்தவாசியருகே தம்பி மகன் வீடு. பொன்னூர் மலையும் மேல்சித்தாமூரும் அவ்வெல்லைக்குள் அடங்கும். இவற்றை ஒரு தாளில் எழுதி, மகளிடம் ஒரு படியும் தம்பி மகனிடம் ஒரு படியும் கொடுத்துள்ளோம். எழுதி முடித்த அன்று மகள் தொலைபேசியில் சற்றே அழுதாள். பின்னர், "இனி எனக்குத் தெரியும், அம்மா" என்றாள்.

எல்லார்க்கும் இதே எல்லை பொருந்தாது. ஒருவர்க்குக் கடலுக்கு அப்பாலும் எல்லை அமையலாம். மற்றொருவர்க்குத் தம் தெருவே எல்லையாகலாம். ஆனால் அடுத்த விடுமுறையில் மக்கள் ஊர் வரும்பொழுது, விருந்தோடும் ஜினாலய வழிபாட்டோடும் நின்றுவிடாமல், ஒரு மாலை ஒன்றாக அமர்ந்து, எத்தனை காலம், எதன்பொருட்டு, எவர் பொருளில், திரும்பும் வழி எது என்னும் நான்கினையும் பேசி எழுதிக்கொள்ளுமாறு நம் இல்லறத்தார் அனைவரையும் வேண்டுகிறோம். அப்பேச்சைத் தொடங்க வேண்டியவர் மக்களல்லர், பெற்றோராகிய நாமே.