சரிவில் நடந்த கால்கள்

கேமரன் மலையின் ஹாபு பக்கம் 1929இல் 'போ' (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அந்தச் சரிவுகளில் நம் தாத்தா பாட்டிமார் நாள் முழுக்க ஏறி இறங்கினார்கள், முதுகில் கொழுந்துக் கூடையோடு. வயிறு நிறையுமா என்பதுதான் அவர்கள் கவலை. பேரப்பிள்ளைகளுக்கோ கடையிலும் லாரியிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து செய்யும் வேலை. வேலை மாறியது, தட்டில் சோறு குறையவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினருக்கு மிகை எடை அல்லது உடல் பருமன். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னால். படிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது.

இந்த நிலையிலும், ஐம்பது வயதில் பாடுபட்டு எடையைக் குறைத்தவரைப் பார்த்து, "என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்கிறோம். வேண்டாமே! (முயலாமலே இளைத்தால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயும் அப்படி இளைக்க வைக்கும்.) உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே மிகை எடை உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். அது பெரிய வெற்றி. ஆனால் நடுவயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். பருப்பு, முட்டை, மீனைக் குறைக்காதீர்கள்; மேடேறி நடங்கள், முடிந்த எடையைத் தூக்கிப் பழகுங்கள்.

தேயிலைமேல் குற்றமில்லை. தே தாரிக்கில் ஊற்றும் இனிப்புப் பால்தான் வினை. நாளைக் காலை கடையில் சீனியும் பாலும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள்.